மரக் குதிரைக்கு முதுகு வலி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பேன். சுவரில் இருக்கும் முருகன் படத்தைப் பார்ப்பேன். பேனாவை வைத்துவிடுவேன். சாமி காரியத்தில் சிரிப்பு கலந்து கிடக்கிறது. சிரித்தால் குற்றமா, சிரிக்காமல் மூடி வைத்தால் குற்றமா என்று எனக்கு விளங்கவில்லை. நான் தமிழ்ப் பள்ளியில் நான்காவது வரை படித்தவன். ரயில்பாதையில் கேட்டை மூடித் திறக்கும் வேலை பார்த்தவன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது எழுதட்டும் என்று காத்திருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. போன கிருத்திகை அன்று பூஜை முடிந்ததும் என் மனைவி காமாட்சி, "எழுதிடுங்களேன். தப்பாயிருந்தா அவனே உங்க கையைப் பிடிச்சு நிறுத்துவான்" என்றாள். இதுவரை கை நிற்கவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

மரக் குதிரைக்கு முதுகு வலிக்கிறது என்று கண்டுபிடித்த மனிதர் இந்த மலாயா தேசத்திலேயே ஒருவர்தான். அவர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் இருந்தார். தொழில், குதிரைச் சேணம் தைப்பது. வண்டிக் குதிரைக்கு வார், பந்தயக் குதிரைக்குச் சேணம், துரைமார் காலுக்குத் தோல் உறை எல்லாம் அவர் கையால்தான் வரும். பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. முதுகுக்காரர் என்றால் கிள்ளான் வரைக்கும் தெரியும்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. அவருக்கு மனிதர்களின் முகம் அடையாளம் தெரியாது. முதுகைப் பார்த்தால்தான் தெரியும். நான் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன். தினமும் பார்க்கிறவன். ஆனாலும் பாசாரில் எதிரே போய் நின்று, "என்னண்ணே, மீன் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டால், யாரோ போலீஸ்காரன் விசாரிக்கிறான் என்பதுபோல முழிப்பார். நான் பேசாமல் திரும்பி நிற்பேன்.

"அட, நம்ம கேட்டுக்காரர்! ஏன்யா, இதை முன்னாடியே காட்டக் கூடாதா?"

அப்புறம் நான் முதுகைக் காட்டியபடியே பேச வேண்டும். அவர் என் பிடரியிடம் குசலம் விசாரிப்பார். மீன்காரச் சீனன் எங்கள் இருவரையும் பார்த்து, பேரத்தையே மறந்துவிடுவான்.

சேணத்துக்கு அளவெடுக்கும் விதமும் அப்படித்தான். குதிரையின் முதுகில் அரிசி மாவைத் தூவுவார். பழைய சேணத்தை மேலே வைத்து ஒரு சுற்று நடத்திவிட்டு எடுத்துப் பார்ப்பார். மாவு எங்கே அழுந்தியிருக்கிறதோ அங்கே சேணம் கடிக்கிறது என்று அர்த்தம். இது எனக்குப் புரிந்தது. அடுத்தது புரியவில்லை. குதிரையில் ஏறப்போகும் துரையையும் அவர் விடமாட்டார். செங்கல் சூளையிலிருந்து ஈரக் களிமண் கொண்டுவந்து கொட்டி, அதன்மேல் ஒரு துணியை விரித்து, "உக்காருங்க துரை" என்பார். துரை உட்கார்ந்து எழுந்ததும் அந்த அச்சைக் காய வைத்து அலமாரியில் அடுக்கிவிடுவார். சிலாங்கூரில் உள்ள தோட்டத்துத் துரைமார்களின் உட்காரும் பாகமெல்லாம் எங்கள் தெருவில் வரிசையாக இருந்தது.

ஒரு நாள் காமாட்சி அந்த அலமாரியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அதுல ஒண்ணு குடுங்களேன். தண்ணிப் பானை உருளாம வச்சுக்கலாம்" என்றாள்.

"அது கிள்ளான் துரையோடதும்மா. அவர் திரும்ப வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

வந்து கேட்பாரா, கேட்டால் எதற்காகக் கேட்பார் என்று நானும் காமாட்சியும் அன்று சாப்பிடும்போது பேசிப் பார்த்தோம். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முருகன் கோயிலில் வருஷம் ஒரு முறை வேட்டைத் திருவிழா நடக்கும். சுவாமியை மரக் குதிரையின்மேல் வைத்து, குதிரையை இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றி, தெருவெல்லாம் கொண்டுபோவோம். சுவாமி ஆடாமல் இருக்க அவருக்குப் பின்னால் குருக்களும் அதே குதிரையில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார். குருக்கள் நல்ல கனத்த சரீரம். ஆசாரத்தில் நெருப்பு. பிரசாதத்தைக்கூடக் கைபடாமல் மேலேயிருந்து போடுவார். பாதி கீழே விழும்.

ஒரு வருஷம் வண்டி என் ரயில் கேட்டைக் கடக்கும்போது தண்டவாளத்தில் சக்கரம் ஏறி இறங்கியது. குதிரைமேல் இருந்த சுவாமி இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். குருக்கள் பாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டதால் கீழே விழவில்லை. மாலை மட்டும் தண்டவாளத்தில் விழுந்தது. பெண்கள் ஓவென்று அலறினார்கள். நான் பச்சைக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கோயில் தலைவர் செங்கல் சூளைக் கண்டிராக்டர். அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இது நல்ல சகுனமில்லை. இன்னொரு தடவை சாமி சாஞ்சா, அதோட ஊர்வலத்தை நிறுத்திடுவோம். கோயிலுக்குள்ளேயே சுத்தி வந்தாப் போதும்."

மறுநாள் முதுகுக்காரர் என்னிடம் வந்தார். நான் வழக்கம்போலத் திரும்பி நின்றுகொண்டேன்.

"கேட்டுக்காரரே, சாமி மேல தப்பில்லை. குதிரைக்கு முதுகு வலி."

"அண்ணே, அது மரம்."

"மரத்துக்கு முதுகு இல்லையா?"

"முதுகு இருக்கு. வலி எப்படி இருக்கும்?"

"நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

நான் கேட்டுப் பார்க்கவில்லை.

"நான் வண்டிக்குப் பின்னாலதான் நடந்து வந்தேன். இடப்பக்கம் கரையான் தின்னு முதுகு இறங்கிக் கிடக்கு. ஒரு சேணம் வச்சா சரியாயிரும். கண்டிராக்டரையா கிட்ட நீங்கதான் பேசணும்."

"உங்களுக்கு ஏண்ணே இவ்வளவு கவலை?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "நான் உள்ள வர முடியாது. அவன்தான் வருஷத்துல ஒரு தடவை வெளிய வரான். அவனையும் உள்ளயே வச்சிட்டா, நான் யாரைப் போய்ப் பாக்கிறது?"

அந்தக் காலத்து வழக்கம் அது. தோல் வேலை செய்கிறவர்கள் கோயில் வாசலோடு நின்றுவிடுவார்கள். யார் வைத்த வழக்கமென்று எனக்குத் தெரியாது. தினமும் அவரோடு வெற்றிலை போடுகிற நானும், கோயிலுக்குப் போகும்போது அவர் கடையைத் தாண்டித்தான் போவேன். அவர் தலையை ஆட்டுவார், நானும் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான்.

நான் போய்ப் பேசினேன். கண்டிராக்டருக்கும் வேறு வழி தெரியவில்லை. "ஆனா சாமி உக்கார்ற இடத்துல தோல் படக்கூடாது" என்றார். அதை முதுகுக்காரரிடம் சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம்.

"எனக்குத் தெரியாதாய்யா? முருகனைப் போய் மாட்டுத் தோல்ல உக்கார வைப்பனா? நான் என்ன கூறு கெட்டவனா?"

அவர் கோயிலுக்குள் வர முடியாது. ஆகையால் குதிரைதான் அவர் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. அடுத்த திருவிழா நெருங்கியபோது எட்டாள் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய் உள்ளே நிறுத்தினோம். அவர் அதைச் சுற்றி வந்தார். கழுத்தைத் தட்டினார். குதிரைகளிடம் அவர் மலாயில்தான் பேசுவார். "டியாம், டியாம் லா" என்று மரக் குதிரையையும் சும்மா இருக்கச் சொன்னார். அது சும்மா இருந்தது.

"பாத்தீங்களா! இவ்வளவு அடக்கமான குதிரையை நான் பாத்ததே இல்லை" என்றார் என்னிடம். நானும் ஆமாம் என்றேன். ஆமாம் என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அன்று மாலையே தொல்லை ஆரம்பித்தது. சாமி குதிரை கடையில் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, பெண்கள் கற்பூரத்தோடு வந்துவிட்டார்கள். யாரோ வாசலில் கோலம் போட்டார்கள். இன்னொருவர் வேப்பிலை கட்டினார். விடிந்து பார்த்தால் சேணக் கடை ஒரு சின்னக் கோயிலாகவே ஆகியிருந்தது. அதனால், முதுகுக்காரர் தம் சொந்தக் கடைக்குள்ளேயே தோலைக் கொண்டுபோகப் பயந்தார். அது மட்டுமில்லை. தோல் வேலை செய்கிறவன் இங்கே உள்ளே போகலாமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தம் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கேட்டுக்காரரே, நான் உள்ள போகலாமா?"

"உங்க கடைதானேண்ணே?"

"கடை என்னுதுதான். இப்ப அது கடையா?"

நான் குருக்களைப் போய்க் கேட்டேன். குருக்கள், "கடை கடைதான்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா குதிரை குதிரைதான்" என்றும் சொன்னார். இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல், முதுகுக்காரர் தினமும் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு தம் கடைக்குள் போய்வர ஆரம்பித்தார்.

தோலெல்லாம் எங்கே போயிற்று என்கிறீர்களா? என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. காமாட்சி ஆடிப்போய்விட்டாள்.

"சாமி மாடத்துக்கு நேரா மாட்டுத் தோலா? அண்ணே, உங்க கடை கோயிலாயிடுச்சுன்னா என் வீடு கடையாகணுமா?"

"ரெண்டு நாளுக்கும்மா. அந்தப் பக்கம் பாக்காம இரு."

"மூக்கை என்ன செய்றது?"

இந்தக் குழப்பத்தில் கிள்ளான் துரை தம் பந்தயச் சேணத்தை வாங்கிப் போக வந்து சேர்ந்தார். கடையைத் தேடினார். கடை இருந்த இடத்தில் வேப்பிலையும் கற்பூரப் புகையும் இருந்தன. உள்ளே ஒரு மரக் குதிரை. அதன் எதிரே கைகூப்பியபடி பத்துப் பதினைந்து பெண்கள். துரை என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். முதுகுக்காரர் வெளியே வந்தார். துரை முகம் அவருக்குத் தெரியவில்லை. துரையை மெல்லத் தோளைப் பிடித்துத் திருப்பி, அலமாரியில் இருந்த அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"ஓ, நம்ம துரை!"

தம் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக யாரும் தம்மைத் திருப்பியதில்லை என்பதுபோலத் துரை நின்றார். என் வீட்டிலிருந்து சேணத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும், மரக் குதிரைக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

தோல் ஆகாது என்றால் சேணத்தை எதில் செய்வது? துணி வழுக்கும். பாய் கிழியும். கடைசியில் முதுகுக்காரர் என்னிடம், "காப்பார் பக்கம் தோட்டத்துல உங்க மச்சான் இருக்காரில்ல? ரப்பர் ஷீட்டு கொஞ்சம் கேளுங்க" என்றார். மச்சான் புகை போட்டுக் காய வைக்காத பச்சை ஷீட்டு ஒரு கட்டு அனுப்பிவைத்தான். தேங்காய் நார் அடைத்து, கித்தான் துணி வைத்து, மேலே ரப்பரை இழுத்துத் தைத்தார். கரையான் தின்ற பக்கத்தில் நாரைக் கூடுதலாகத் திணித்தார். முடித்துவிட்டு, கையை வைத்து அழுத்திப் பார்த்து, "இனி இவன் எங்கயும் சாய மாட்டான்" என்றார்.

திருவிழா அன்று வெயில் கொளுத்தியது. பிற்பகலில் சுவாமியைச் சேணத்தில் எழுந்தருளப் பண்ணி, பின்னால் குருக்கள் ஏறி உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டது. நான் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்காரர் வண்டிக்குப் பின்னால் கூட்டத்தோடு வந்தார். தண்டவாளத்தில் சக்கரம் ஏறியது. இறங்கியது. மாடு தள்ளாடியது. வண்டிக்காரன் தள்ளாடினான். சுவாமி தூண்போல இருந்தார். குருக்களும் தூண்போல இருந்தார். "அரோகரா!" என்று கூட்டம் முழங்கியது. முதுகுக்காரர் அந்த இடத்திலேயே மண்ணில் விழுந்து கும்பிட்டார். நான் கேட்டை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு ஊர்வலத்தோடு கோயிலுக்குப் போனேன்.

வண்டி கோயிலுக்குள் நுழைந்தது. திருஷ்டித் தேங்காய் உடைத்தார்கள். சுவாமியும் குருக்களும் மேலே இருக்க, குதிரையை அப்படியே இறக்கி வைத்தார்கள். இனி சுவாமியை உள்ளே எடுத்துப் போக வேண்டும். குருக்கள் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. மறுபடியும் பார்த்தார். முகம் மாறியது.

"என்ன சாமி, இறங்குங்க" என்றார் கண்டிராக்டர்.

"இறங்கத்தான் பாக்கறேன்."

"கால் மரத்துப் போச்சா?"

"கால் இல்லை."

வெயிலில் ரப்பர் இளகி, அவர் கனமும் சேர்ந்து, பஞ்சகச்ச வேட்டி சேணத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சுவாமிக்குச் சாத்தியிருந்த பட்டும் அப்படியே. கண்டிராக்டர் குருக்களின் கையைப் பிடித்து இழுத்தார். எங்கேயோ ஒன்று டர்ரென்று கிழிந்தது.

"இழுக்காதேள்! இழுக்காதேள்! மானம் போயிடும்!"

நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். பிறகு, நிறுத்தினால் தப்போ என்று மறுபடியும் வாசித்தார். சுவாமி குதிரையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார், இது நல்லது என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கெட்டது என்று சிலர் அழுதார்கள். ஒரு கிழவர் இரண்டும் செய்தார். அந்திப் பூஜைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"முதுகுக்காரனைக் கூப்பிடுங்க!" என்று கத்தினார் கண்டிராக்டர்.

நான் வாசலுக்கு ஓடினேன். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று அவரைக் கூப்பிட்டேன். வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு உடம்பு நடுங்கியது.

"குதிரையை வெளிய கொண்டாங்க. நான் எடுத்துவிடறேன்."

"தேங்காய் உடைச்சாச்சுண்ணே. உள்ள வந்த சாமி இன்னிக்கு மறுபடியும் வெளிய வரக் கூடாது."

"அப்ப நான் உள்ள வரக் கூடாதே."

சாமி வெளியே போகக் கூடாது. இவர் உள்ளே வரக் கூடாது. நான் நடுவாசலில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி ஓடினேன். கண்டிராக்டர் யோசித்தார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்போது குதிரைமேலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிரசாதத்தைக் கைபடாமல் போடுகிற அதே குருக்கள்தான்.

"யோவ் முதுகுக்காரரே! நான் கூப்பிடறேன், உள்ள வாரும்! வேட்டி போறதா, மானம் போறதான்னு ஒட்டிண்டு உக்காந்திருக்கேன் இங்க!"

முதுகுக்காரர் வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. குதிரையிடம் போய்க் கழுத்தைத் தட்டி, "டியாம்" என்றார். கிணற்றுத் தண்ணீர் கேட்டார். அரிசி மாவு கேட்டார். தண்ணீரை ஊற்றி ரப்பரை இறுக வைத்தார். துணி பிரிகிற இடத்தில் மாவைத் தூவிக்கொண்டே வந்தார். முதலில் சுவாமியின் பட்டை அங்குலம் அங்குலமாகப் பிரித்தார். நூல்கூடக் கிழியவில்லை. அடுத்தது குருக்கள். வேட்டியில் முக்கால்வாசி அவரோடு வந்தது. கால்வாசி குதிரைக்குச் சொந்தமாயிற்று.

குருக்கள் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு சுவாமியைத் தூக்கினார். அந்த நேரத்தில் சுவாமி முகமும் முதுகுக்காரர் முகமும் ஒரு முழ தூரத்தில் இருந்தன. அவர் கை நிறைய மாவோடு, கண்ணிமைக்காமல் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குருக்களும் நகரவில்லை. கண்டிராக்டர், "சாமி, பூஜைக்கு நேரமாச்சு" என்றார். "தெரியும்" என்றார் குருக்கள். அப்போதும் நகரவில்லை.

பிறகு நான் முதுகுக்காரரைத் தனியாகக் கேட்டேன். "ஏண்ணே, மாவு தடவினா ரப்பர் ஒட்டாதுன்னு உங்களுக்குத் தெரியுமே. முன்னாடியே தடவியிருக்கலாமில்ல?"

"தடவினா வழுக்குமேய்யா. சாமி விழுந்துருமே."

இது சரியான பதில்தான். ஆனால் அவர் தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. தெரிந்து செய்தவருக்கு அப்படி உடம்பு நடுங்குமா? தெரியாமல் செய்தவர் அவ்வளவு சரியாக மாவு கேட்பாரா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய குழப்பம் அடுத்த வருஷம் வந்தது. கண்டிராக்டர் தச்சரை வைத்துப் புதுப் பலகை போடலாம் என்றார். குருக்கள் கேட்கவில்லை. "அந்தச் சேணத்துலதான் சுவாமி ஆடாம உக்காந்திருந்தார். அதுதான் வேணும்" என்றார். அதே சேணம், அதே வெயில். குருக்கள் ஒட்டிக்கொண்டார். முதுகுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே வந்தார், மாவு தூவினார், பிரித்தார், சுவாமியைப் பார்த்தார், போனார். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. வருஷத்துக்கு ஒரு வேட்டி வீதம் குருக்களுக்குச் சேதம். முதுகுக்காரர் உள்ளே வரலாம் என்று யாரும் சொல்லவில்லை; வரக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஒட்டிக்கொண்டால் கூப்பிட வேண்டியதுதானே!

பொறுக்க முடியாமல் ஒரு நாள் குருக்களையே கேட்டேன். "சாமி, அடியில ஒரு பாய் போட்டுக்கிட்டு உக்காந்தா ஒட்டாதே?"

குருக்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ போய் உன் கேட்டைப் பாரு" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

இப்போது அவர்கள் இருவரும் இல்லை. இதை யாரிடமாவது சொல்ல நினைக்கிறவர்கள் நான் சொன்னபடியே சொல்லுங்கள். முதுகுக்காரர் தந்திரக்காரர் என்று சேர்க்க வேண்டாம். குருக்கள் மனம் மாறினார் என்றும் சேர்க்க வேண்டாம். எனக்குத் தெரியாததை நீங்கள் தெரிந்ததுபோலச் சொன்னால் அது பாவம். ரப்பர் ஒட்டியது, கூப்பிட்டார்கள், அவர் வந்தார். அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மட்டும் நான் நிச்சயமாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அது என்னைப் பற்றியது. ஒவ்வொரு வருஷமும் அவர் மாவும் கையுமாகக் குனிந்து வேலை செய்யும்போது நான் தூண் ஓரமாக நின்று, "முருகா, அந்த வேட்டி சீக்கிரம் கழன்றுவிடக் கூடாது" என்று வேண்டிக்கொள்வேன்.